குளித்த காலும் குளிர்ந்த இன்ஜினும்

பெயர்: துல்கர்னைன். வயது: ஐம்பத்து நான்கு. தொழில்: விவசாயக் கூலி. திறன்: எதுவும் இல்லை.

அரசாங்க அட்டை ஒன்றில் இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. துல்கர்னைனுக்கு வயலும் கிடையாது, வரப்பும் கிடையாது. நெல்லுக்கும் கோரைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் இரண்டும் பச்சை என்பார். விண்ணப்பம் பதிந்த அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பிரவுசிங் சென்டர் பெண் தொழில்களின் பட்டியலைத் திறந்தாள், திரை அங்கேயே உறைந்துபோயிற்று. பட்டியலின் தலையில் நின்றது விவசாயக் கூலி. "இதையே போட்டுருவோமா பாய்? பொறவு மாத்திக்கிடலாம்" என்றாள். "போடும்மா" என்றார். நான்கு வருஷமாகிறது, மாற்றவில்லை. நேரமில்லை என்பது ஒரு காரணம். அட்டையைப் பார்த்துத் தன்னைத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் தென்காசிப் பக்கம் ஒருவரும் இல்லை என்று அவர் நம்பியது இன்னொரு காரணம்.

அந்த நம்பிக்கையிலும் பெரிய பிழை சொல்ல முடியாது. குத்துக்கல்வலசையில் புதிது புதிதாக எழும்பும் வீடுகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை அவருடையது. பழைய பெட்ரோல் கார்கள் மட்டும் பார்ப்பார். புதுக் கார் வந்தால், "அதுக்கு டாக்டரு வேற" என்று வாசலிலேயே திருப்பிவிடுவார். பழைய கார்களிலும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஐடிலிங். அதாவது வண்டி நிற்கும்போது, பெடலில் யார் காலும் இல்லாதபோது, இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடும் ஓட்டம். "ஓடுத வண்டியப் பாக்கதுக்கு ஊருல ஆயிரம் பேரு இருக்கான். நிக்குத வண்டி ஓடுதத எவன் பாக்கான்?" என்பார். பானட்டைத் திறந்து இன்ஜின் மூடியின்மேல் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடிக்கொள்ள மாட்டார். அப்படி மூடிக்கொள்கிற மெக்கானிக்குகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அரை நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிடும்: பிளக், அல்லது வால்வு, அல்லது காற்று.

அவருக்கு ஒரே ஒரு விதி. ஐடிலிங்கைச் சூடான இன்ஜினில்தான் பார்க்க வேண்டும். வந்த வண்டியை அணைக்க விடமாட்டார். கால் மணி நேரம் ஓடவிட்டு, பிறகே கை வைப்பார். விதி சரியானது. எந்தப் பாடப்புத்தகத்தைப் புரட்டினாலும் இதையேதான் சொல்லும். மனிதர்கள் தப்பான விதிகளால்தான் கெட்டுப்போகிறார்கள் என்று பொதுவாக ஒரு எண்ணம் இருக்கிறது. துல்கர்னைன் விஷயத்தில் விதி சரியாக இருந்ததுதான் வினை.

தென்காசியில், கோயிலுக்குப் பின்புறத் தெருவில் ஞானசம்பந்தம் இருக்கிறார். வயது எழுபத்தாறு. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் வந்து இருபது வருஷம் ஆகிறது. அதைவிட மூத்தது அவருடைய கார் ஒன்றுதான். அருவிச் சீசன் தொடங்கிவிட்டால் விடிகாலை ஐந்தரைக்கு அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போவார். இரண்டு மணி நேரம் குளிப்பார், தானே ஓட்டிக்கொண்டு திரும்புவார். வேறு ஆடம்பரம் அவருக்கு இல்லை. மனைவி மங்களேஸ்வரி அவரை நம்பிக் கடைக்கு அனுப்பமாட்டார், புளிகூட மாற்றி வாங்கி வந்துவிடுவார் என்பதால். காரில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்காருவார்.

போன வருஷம் சீசனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளித்துத் தலை துவட்டி வண்டியை எடுத்தார். முதல் கியர் போட்டுக் கிளட்ச்சை விடும்போது இன்ஜின் திடீரென்று சீறியது. வண்டி ஒரு எட்டுப் பாய்ந்து, எதிரே இருந்த பழக்கடைத் தட்டை முட்டிக்கொண்டு நின்றது. மங்குஸ்தான் பழங்கள் நனைந்த ரோட்டில் நாலா பக்கமும் ஓடின. யாருக்கும் அடியில்லை.

"ஏய் பெரியவரே! வயசான காலத்துல வீட்டுல கெடக்காம, இங்கன வந்து என் பொழப்பையா நசுக்குதீரு?" என்றாள் கடைக்காரப் பெண்.

"நான் மிதிக்கலைம்மா! அதுவா ஏறுது, அதுவா எறங்குது!"

"ஆமா, ஒம்ம காருக்கு மங்குஸ்தான் ஆசை வந்துட்டு!"

சுற்றி நின்ற ஈரத்தலைகள் சிரித்தன. ஒரு ஈரத்தலை அதை வீடியோ எடுத்தது. பத்து மணிக்குள் அது கோயம்புத்தூரில் கல்லூரிப் பேராசிரியையாக இருக்கும் மகள் அபர்ணாவின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை அபர்ணா தென்காசியில் இருந்தாள்.

"அப்பா, சுகர் காலு. ரெண்டு மணி நேரம் அருவித் தண்ணியில நின்னிருக்கீங்க. மரத்துப் போயிருக்கும். நீங்க மிதிச்சது உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

"மிதிக்கல. எனக்குத் தெரியும்."

"தெரியாதுன்னுதான் சொல்லுதேன். தெரிஞ்சா அது மரத்த காலே இல்லையே."

இந்த வாதத்துக்கு உலகத்தில் பதில் கிடையாது. அபர்ணா கெட்ட மகளும் இல்லை. அடுத்த தடவை தட்டுக்குப் பதிலாக ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று இரவெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தவள். கடைசியில் அப்பாவும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். துல்கர்னைன் வண்டியைப் பார்க்கட்டும். வண்டியில் குறை இருந்தால் சாவி அப்பாவிடம். இல்லாவிட்டால் மகளிடம்.

இரவெல்லாம் ஷெட்டில் சாரல் படாமல் நின்ற வண்டி சாதுவாக ஸ்டார்ட் ஆயிற்று. அபர்ணாவே ஓட்டினாள். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஊர்ந்து குத்துக்கல்வலசை போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தது. துல்கர்னைன் அதை இன்னும் கால் மணி நேரம் ஓடவிட்டார். கை வைத்தார். இன்ஜின் சுற்றுகளைக் காட்டும் முள் எண்ணூற்றைம்பதில் ஆணியடித்தது போல நின்றது. ஏசியைப் போட்டார், ஹெட்லைட்டைப் போட்டார், ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பினார். முள் மூச்சுவிடவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், நான்கும் நல்ல காபிப்பொடி நிறம். காற்று போகும் வாயைத் துடைத்தார், துடைக்க அங்கே அழுக்குக்கூட அதிகம் இல்லை. நாற்பது நிமிஷம் ஆயிற்று. அவர் ஒரு வண்டிக்கு நாற்பது நிமிஷம் செலவழிப்பது பெரிய மரியாதை.

"எப்பல்லாம் ஏறுது அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"குளிச்சிட்டு வந்து எடுக்கும்போது."

கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். சொல்ல வேண்டிய பதிலும் இதுதான். இரண்டு மணி நேரம் சாரலில் நின்ற வண்டி குளிர்ந்துபோயிருக்கும் என்பது அந்தப் பதிலுக்குள்ளேயே இருந்தது. ஆனால் தென்காசிக்காரர் காதில் குளித்துவிட்டு என்ற சொல் விழுந்தால் வண்டி ஞாபகம் வராது. ஐந்தருவியில் நின்றுவிட்டு வெளியே வரும் கால் எப்படி இருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கட்டைமேல் நடப்பதுபோல இருக்கும், செருப்பு போட்டிருக்கிறோமா இல்லையா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும். வெளியூர் மெக்கானிக்காக இருந்தால் ஒருவேளை இன்ஜினை நினைத்திருப்பார். துல்கர்னைன் குனிந்து ஞானசம்பந்தத்தின் கால்களைப் பார்த்தார்.

"அண்ணாச்சி... வண்டியில ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாரு துல்கரு."

"பாத்துட்டேன் அண்ணாச்சி."

ஞானசம்பந்தம் சட்டைப் பையிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்தார். மகள் கேட்பதற்கு முன்பே அவள் கையில் வைத்தார். வண்டி கொட்டகையிலேயே நிற்கட்டும், நல்ல ஆள் வந்தால் கொடுத்துவிடுங்கள் அண்ணே என்று அபர்ணா துல்கர்னைனிடம் சொன்னாள். அப்பாவும் மகளும் ஆட்டோவில் திரும்பினார்கள். ஏறும்போது ஞானசம்பந்தம் வலது காலைத் தூக்கி, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு இடது காலை எடுத்தார்.

கார் கொட்டகைக்கு வெளியே சாரலில் நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் காலை, கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்த இத்ரீஸ் பார்க்க வந்தான். வீட்டாருக்கென்று ஒரு சின்னக் கார் தேடிக்கொண்டிருந்தான். துல்கர்னைன் கதவைத் திறக்கவில்லை. சீட் நனைந்துவிடும் என்று, ஜன்னல் வழியாகக் கையை விட்டு கியரை நியூட்ரலில் தள்ளிச் சாவியைத் திருகினார்.

இன்ஜின் பிடித்தது. சீறி ஏறியது. அணையப்போவதுபோல விழுந்தது. மறுபடி சீறியது. முள் எழுநூறுக்கும் ஆயிரத்து எண்ணூறுக்கும் நடுவே நடை பழகிக்கொண்டிருந்தது.

"என்ன பாய் இது, ஆளில்லாமலே மூச்சு வாங்குது?" என்றான் இத்ரீஸ்.

துல்கர்னைன் காலியான டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மரத்த கால், மரக்காத கால் எதுவுமே இல்லை.

"பாய்?"

"சும்மா இருலே. சூடாகதுக்குள்ள பாக்கணும்."

முப்பது வருஷமாக இன்ஜின் சூடாகக் காத்திருந்தவர், முதல் தடவையாக அது சூடாகிவிடக்கூடாதே என்று வேலை செய்தார். இன்ஜின் எங்கோ திருட்டுக் காற்றை இழுக்கிறது என்பது சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கணக்கில் வராத காற்றால் வேகம் ஏறுகிறது. ஏறியதைப் பார்த்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்துகிறது. விழுந்ததைப் பார்த்து மறுபடி கொடுக்கிறது. கொடுப்பதும் பிடுங்குவதுமாக அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். எந்த வழியாகக் காற்று வருகிறது என்பதுதான் கேள்வி. பிளையரில் துணியைச் சுற்றி ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்தார். பிரேக்குக்குப் போகும் குழாய்: மாற்றமில்லை. அடுத்தது: மாற்றமில்லை. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாமல் அடியில் வளைந்து போகும் ஒரு விரல்கடைக் குழாய். கையைத் திணித்துத்தான் தொட வேண்டும். அதை நெரித்ததும் இன்ஜின் அடங்கியது. விட்டதும் சீறியது. நெரித்தார்; அடங்கியது. தேவைக்கு மேல் நாலைந்து தடவை அதையே செய்தார்.

அதற்குள் இன்ஜின் சூடேறிவிட்டது. முள் தானாகவே எண்ணூற்றைம்பதுக்கு வந்து, அன்று நின்றதுபோலவே ஆணியடித்து நின்றது.

குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்தார். அடிப்பக்கத்தில் ஒரு விரிசல். குளிரில் ரப்பர் விறைத்துக்கொண்டு வாய் திறக்கும். சூட்டில் இளகி மூடிக்கொள்ளும். அவரிடம் வந்த எந்த நேரத்திலும் அது மூடிக்கொண்டுதான் இருந்திருக்கும், அவரே மூடவைத்துவிட்டுத்தான் பார்ப்பார் என்பதால்.

"அப்போ வீடியோவுல அந்தப் பெரியவரு சொன்னது நெசந்தானா?" என்றான் இத்ரீஸ்.

"ம்."

"சரி, இப்ப சரியாயிட்டுல்லா? நான் எடுத்துக்கிடுதேன்."

"பொறு. ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

புதுக் குழாய் அன்று மத்தியானமே மாட்டியாயிற்று. அடுத்த நாள் காலையில், நன்றாகக் குளிர்ந்திருந்த வண்டி சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆயிற்று. போய்ச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. தென்காசி மூன்று கிலோமீட்டர்.

அன்று போகவில்லை, ஒரு நாள் போதாது, இன்னும் பார்க்க வேண்டும். மறுநாள் மழை அதிகம். இடையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பிறகு சீசன் கூட்டத்தில் வழியில் நின்றுபோன இரண்டு வண்டிகள் இழுத்துக்கொண்டு வரப்பட்டன. ஒவ்வொரு காரணமும் நியாயமானது; தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியாது. தெரியாமல் செய்த தப்புக்கு வெட்கப்படுவது அவ்வளவு கஷ்டம் இல்லை. ஆனால் போய் வாசலில் நின்று, "அன்னைக்கு நான் பாத்தது சரியில்ல" என்று சொன்னால், அது நாளைக்கே தென்காசி பஜார் வரை போகும். துல்கருக்கே ஐடிலிங் பிடிபடவில்லை என்று ஒருவன் ஆரம்பித்தால் போதும். கார் சாவியும் பேரும் ஒரே மாதிரிதான் அவருக்குத் தோன்றின. வருஷக்கணக்காகக் கையில் இருந்ததை ஒரு நாள் காலையில் கேட்டு வாங்கிவிடுவார்கள்.

எட்டாம் நாள் மத்தியானம் சோறு கொண்டுவந்த மனைவி நஸீபா காரைப் பார்த்தார்.

"இது அண்ணாச்சி வண்டில்லா? சரியாயிட்டா?"

"ஆயிட்டு."

"பொறவு ஏன் இங்கன நிக்குது?"

"இத்ரீஸ் கேட்டிருக்கான்."

"நான் இத்ரீஸக் கேக்கல. அண்ணாச்சிட்டச் சொல்லியாச்சா?"

துல்கர்னைன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அடுத்தவன் வண்டியில ஆணி எங்கன கழண்டிருக்குன்னு ஊருக்கே சொல்லுதீய. ஒங்களுக்கு ஒண்ணு கழண்டா வாயத் தொறக்க மாட்டீயளோ?" என்றார் நஸீபா. பாத்திரத்தைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் ஒரு நாள் போயிற்று. மறுநாள் மாலை, பழைய குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதே காரில் தென்காசி போனார்.

மங்களேஸ்வரி கதவைத் திறந்தார். உள்ளே பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "வா துல்கரு. நீயாவது வந்து ரெண்டு வார்த்த பேசு. அருவிக்கு ஆட்டோ வைக்கேன்னா வேண்டாங்காரு. உக்காந்த எடத்துல காலால தரைய அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டே இருக்காரு. அமுக்குதேனா, எடுக்கேனான்னு என்னையக் கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல? முந்தாநாளு மகளக் கூப்புட்டு, நீ சொன்னதுதான் சரின்னுட்டாரு."

ஞானசம்பந்தம் நாற்காலியில் இருந்தார். துல்கர்னைன் உட்காரவில்லை. நின்றபடியே, ஒரு மூச்சில், எல்லாவற்றையும் சொன்னார்.

ஞானசம்பந்தம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நல்லவன்டா நீ. நான் சொணங்கிக் கெடக்கேன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல அண்ணாச்சி, நெசமாத்தான். இந்தா பாருங்க." பையிலிருந்து குழாயை எடுத்து நீட்டினார். பொறியாளர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழியெல்லாம் நெஞ்சுச் சூட்டில் இருந்த ரப்பர் அழகாக இளகியிருந்தது. விரிசல் ஒரு மயிரிழைகூடத் தெரியவில்லை.

"நல்லாத்தானே இருக்கு" என்றார். "கால்தான் துல்கரு. எனக்கே தெரிஞ்சுபோச்சு."

துல்கர்னைன் குழாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வெளியே போய், தெருவிளக்கு எரிவதற்குள், புதுக் குழாயைக் கழற்றிவிட்டு விரிசல் விட்ட பழைய குழாயையே திரும்ப மாட்டினார். ஆயுளில் ஒரு வண்டியைத் தெரிந்தே கெடுத்தது அப்போதுதான். காரை வாசலிலேயே சாரலில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

காலை ஐந்தரைக்குத் திரும்பி வந்தார். மங்களேஸ்வரி அபர்ணாவை வீடியோவில் கூப்பிட்டுப் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். ஞானசம்பந்தம் குடையோடு படியில் நின்றார். துல்கர்னைன் ஜன்னல் வழியாகக் கைவிட்டுச் சாவியைத் திருகினார். இன்ஜின் சீறியது, விழுந்தது, சீறியது. தெருவே கேட்டது. எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று குரைத்தது.

போனுக்குள்ளிருந்து அபர்ணா, "அப்பா... தப்பாச் சொல்லிட்டேன்ப்பா. சாவிய வாங்கிக்கோங்க" என்றாள்.

ஞானசம்பந்தம் குடையை மடக்கினார். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். வலது காலைப் பெடலுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். இன்ஜின் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது.

"இப்ப மிதிக்கேனா துல்கரு?"

"இல்ல அண்ணாச்சி. கால் மேலதான் இருக்கு."

"இப்போ?"

"இல்ல."

"எனக்குத் தெரியலையேடா" என்றார்.

சர்க்கரையால் இருபது வருஷத்தில் செய்ய முடியாததைச் சந்தேகம் இரண்டே வாரத்தில் செய்து முடித்திருந்தது. கால் உண்மையிலேயே மரத்திருந்ததா என்றால், அதைச் சொல்லக்கூடிய டாக்டர் யாரிடமும் அவர் போகவில்லை. ஒருவேளை கொஞ்சம் மரத்தும் இருக்கலாம். அபர்ணா பயந்தது முழுக்கத் தப்பு என்றும் சொல்வதற்கில்லை. பழத்தட்டை முட்டியது அந்தக் கால் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அவர் சாவியைத் திருகி அணைத்தார். இறங்கினார். சாவியைத் துல்கர்னைன் கையில் வைத்து, "இத்ரீஸுக்கே குடுத்துரு" என்றார். படியேறப் போனவர் நின்று திரும்பினார்.

"எப்பக் கண்டுபிடிச்ச இத?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். இத்ரீஸையும் நஸீபாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது, இத்ரீஸும் அடுத்த வாரம் கத்தாருக்குப் போய்விடுவான்.

"பத்து நாளு ஆச்சு அண்ணாச்சி. ஒம்பது நாளாச் சொல்லாம வச்சிருந்தேன்."

ஞானசம்பந்தம் தலையாட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் துல்கர்னைனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "ஒம்பது நாளா நான் காலையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மங்களேஸ்வரி காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். துல்கர்னைன் நின்றபடியே குடித்தார்.

புதுக் குழாயை மறுபடி மாட்டி, வண்டியை இத்ரீஸிடம் ஒப்படைத்தார். தன்னுடைய தீர்ப்புத் தப்பு என்று தெரிந்த பிறகு துல்கர்னைன் ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தார். பத்தாம் நாள் போய்ச் சொன்னார்.